தோளில் ஏறிய தெய்வங்கள்

பூரிக்குப் போனவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்புவதில்லை. ஜகந்நாதரின் பிரசாதச் சோற்றை உலர்த்திக் கட்டிய நிர்மால்யப் பொட்டலம், ஒரு பிரம்பு, கடற்கரையில் பேரம் பேசி வாங்கிய சங்கு. பயணப் பையில் வழக்கமாக இடம்பிடிப்பவை இவைதான். இப்போது இவற்றோடு இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது: தேன் நிற டசர் பட்டில் கையால் சித்திரம் எழுதிய ஸ்கார்ஃப். ஒரு முனையில் குழலூதும் கிருஷ்ணன், மறுமுனையில் கோபியர், ஓரம் நெடுகக் கொடியும் பூவும். கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டால் நாகரிகம். விரித்துப் பார்த்தால் புராணம்.

இந்தப் பட்டுத் துண்டுகளில் தூரிகை ஓடும் இடம், பூரியிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் பார்கவி ஆற்றையொட்டி இருக்கும் ரகுராஜ்பூர். புவனேஸ்வர் - பூரி சாலையில் சந்தன்பூர் கடைவீதியில் இறங்கி உள்ளே திரும்பினால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஊர் தொடங்குகிறது. எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். இடைப்பட்ட வெளியில் வரிசையாகச் சின்னச் சின்னக் கோயில்கள். வீட்டுச் சுவர்களில் யானை, மயில், ராதாகிருஷ்ணர். திண்ணையில் முழங்காலைப் பலகையாக்கிக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் ஆண்கள்; உள்ளே துணிக்குப் பசை தடவும் பெண்கள். வாசலில் நின்று பார்ப்பவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, சுருட்டி வைத்த படங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவது இங்கே வியாபாரமும் உபசாரமும் கலந்த ஒரு சடங்கு.

ஒடிஸி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா 1926-ல் பிறந்தது இந்த ஊரில், ஒரு சித்ரகாரர் குடும்பத்தில். சிறுவர்கள் பெண் வேடமிட்டு ஆடும் கோட்டிபுவா நடனமும் இங்கே இன்றும் பயிற்றுவிக்கப்படுகிறது. இருந்தாலும் ஊருக்குச் சோறு போடுவது பட்டசித்ரம்தான். 'பட்ட' என்றால் துணி. துணியில் எழுதிய சித்திரம். பெயரில் பட்டு இருப்பதுபோல் நம் காதுக்குக் கேட்டாலும், அதன் அசல் துணி பழைய பருத்திப் புடவை.

இந்தக் கலையின் வேர் ஜகந்நாதர் கோயிலில் இருக்கிறது. இன்றுள்ள பெரிய கோயிலைக் கட்டத் தொடங்கியவன் 12-ம் நூற்றாண்டின் கங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன். தாய் ராஜசுந்தரி சோழ இளவரசி. பெயரிலேயே சோழம் இருக்கிறது. கோயிலில் ஆண்டுதோறும் ஆனி மாதவாக்கில் வரும் பௌர்ணமியன்று ஜகந்நாதர், பலபத்ரர், சுபத்ரை மூவருக்கும் 108 குடம் நீரால் அபிஷேகம் நடக்கிறது. அத்தனை தண்ணீரில் குளித்த தெய்வங்களுக்குக் காய்ச்சல் வந்துவிடுவதாக ஐதீகம். சுமார் 15 நாள் யாருக்கும் தரிசனம் கிடையாது. அந்த 'அனசர' நாட்களில் மூலவர்களுக்குப் பதிலாகத் துணியில் எழுதிய மூன்று படங்கள் வைக்கப்படுகின்றன. தெய்வத்துக்குப் பதிலாகப் பூஜை ஏற்கும் இந்த 'அனசர பட்டி'களை எழுதுவது சித்ரகாரர்களின் பரம்பரை உரிமை. விரதமிருந்து எழுத வேண்டும். இது விற்பனைக்குரியதல்ல.

விற்பனைக்கென்று வேறொரு வகை இருந்தது. அதற்கு 'யாத்ரி பட்டி' என்று பெயர். பூரிக்கு வரும் யாத்ரிகர்கள் ஊருக்கு எடுத்துப்போய்ப் பூஜையறையில் மாட்டிக்கொள்வதற்கான படங்கள். சிலவற்றில் கோயிலும் ஊரும் ஒரு சங்கின் வடிவத்துக்குள் அடங்கியிருக்கும். பூரிக்கு சங்க க்ஷேத்திரம் என்று பெயர் அல்லவா? ஆக, சித்ரகாரருக்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு கணக்கு: கோயிலுக்கு எழுதுவது கடமை, யாத்ரிகனுக்கு எழுதுவது பிழைப்பு.

பட்டசித்ரத்தின் செய்முறையைப் பார்த்தால் பொறுமை என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கும். புளியங்கொட்டையை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையால் பழந்துணி இரண்டை ஒன்றோடொன்று ஒட்டுகிறார்கள். அதன்மேல் சுண்ணக்கட்டிப் பொடியும் பசையும் குழைத்துப் பூசி வெயிலில் காயவைக்கிறார்கள். பிறகு முதலில் சொரசொரப்பான கல்லாலும், அடுத்து வழவழப்பான கல்லாலும் தேய்க்கிறார்கள். துணி தோல்போல் ஆகும்வரை தேய்ப்பு நிற்காது. நிறங்களின் பட்டியல் ஒரு நாட்டு மருந்துக் கடையை நினைவூட்டும்: வெள்ளைக்குச் சங்குப் பொடி, சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், செம்மண் நிறத்துக்குக் காவிக்கல், கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. எல்லாவற்றையும் பிடித்து வைக்க விளாம்பிசின். முரட்டுத் தூரிகைக்குத் தாழை வேர், மெல்லிய கோட்டுக்கு எலி மயிர். முதலில் ஓரச் சட்டம் எழுதப்படும், உருவங்கள் பிறகு. கடைசியில் கறுப்புக் கோடு ஓடி, கண் திறந்ததும் படம் முடிந்தது. மேலே அரக்கு மெருகு ஏற்றுவதும் உண்டு.

எழுதப்படும் கதைகள் பெரும்பாலும் இடைக்கால ஒடிஷாவின் பக்தி இலக்கியம் தந்தவை. ஜெயதேவரின் கீதகோவிந்தம் ராதையையும் கிருஷ்ணனையும் தசாவதாரத்தையும் கொடுத்தது. 15-ம் நூற்றாண்டில் சாரளா தாஸ் ஒடியாவில் எழுதிய மகாபாரதம் நவகுஞ்சரத்தைக் கொடுத்தது. சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடுப்பு, பாம்பு வால் என்று ஒன்பது உயிர்கள் சேர்ந்த விசித்திர உருவம் அது. அதன் ஒரு கால் இருக்கவேண்டிய இடத்தில் தாமரை ஏந்திய மனிதக் கை. அதைப் பார்த்துத்தான் அர்ஜுனன் வந்திருப்பது கிருஷ்ணன் என்று கண்டுகொண்டு வில்லைத் தாழ்த்துகிறான்.

தமிழ் வாசகர்கள் கவனிக்கவேண்டிய படம் வேறொன்று உண்டு. கறுப்புக் குதிரையில் ஒரு வீரன், வெள்ளைக் குதிரையில் ஒரு வீரன், எதிரே தயிர்ப் பானையோடு ஓர் இடைப்பெண். இதற்குக் 'காஞ்சி-காவேரி' கதை என்று பெயர். 15-ம் நூற்றாண்டின் கஜபதி மன்னன் புருஷோத்தம தேவன் காஞ்சி இளவரசி பத்மாவதியை மணக்க விரும்பினான். ரத யாத்திரையன்று தேரைத் துடைப்பத்தால் பெருக்குகிற ஒருவனுக்கா என் மகள் என்று கேட்டுவிட்டான் காஞ்சி மன்னன். முதல் படையெடுப்பில் கஜபதிக்குத் தோல்வி. இரண்டாம் முறை ஜகந்நாதரும் பலபத்ரரும் சிப்பாய்களாக முன்னே போனார்கள். வழியில் மாணிகா என்ற பெண்ணிடம் தயிர் வாங்கிக் குடித்து, காசுக்குப் பதில் மோதிரத்தைக் கொடுத்து, பின்னால் வரும் ராஜாவிடம் காட்டி வாங்கிக்கொள் என்றார்கள். வென்ற மன்னன், இளவரசியை ஒரு தோட்டிக்குக் கட்டிவைக்கும்படி மந்திரிக்கு உத்தரவிட்டான். மந்திரி கெட்டிக்காரர். அடுத்த ரத யாத்திரையில் மன்னன் தேரைப் பெருக்கும் நேரம் பார்த்து, இதோ நீங்கள் கேட்ட தோட்டி என்று அவனுக்கே பத்மாவதியைக் கொடுத்தார். பூரியின் கஜபதி இன்றும் தேரைப் பெருக்குகிறார். தோற்ற காஞ்சியோ ரகுராஜ்பூர் திண்ணைகளில் ஓயாமல் எழுதப்படுகிறது.

இத்தனை செழிப்பான மரபு ஒருமுறை ஏறக்குறைய அற்றுப்போனது. காரணம் படையெடுப்போ பஞ்சமோ அல்ல, அச்சு இயந்திரம். மலிவான வண்ண அச்சுப் படங்கள் பூரிக் கடைகளுக்கு வந்ததும் யாத்ரிகர்கள் அவற்றுக்கு மாறினார்கள். சாமி படம்தானே, எதுவானால் என்ன? கோயில் கடமை மிஞ்சியது; பிழைப்பு போயிற்று. சித்ரகாரர் குடும்பங்கள் வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போயின. 1950-களின் முற்பகுதியில் ஒடிஷாவில் வசித்த ஹலினா ஜீலி என்ற வெளிநாட்டுப் பெண்மணி பழைய படங்களின் அருமையை உணர்ந்து, எஞ்சியிருந்த கலைஞர்களைத் தேடிப்பிடித்து மறுபடி தூரிகை எடுக்க வைத்தார். வாங்குபவர்களையும் தேடிக் கொடுத்தார். பூஜையறையில் இடமிழந்த படம், வரவேற்பறைச் சுவரில் சட்டத்துக்குள் ஏறியது. யாத்ரிகன் விட்ட இடத்தைச் சுற்றுலாப் பயணி பிடித்துக்கொண்டார்.

ஆனால் சுவருக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வீட்டில் எத்தனை படம் மாட்ட முடியும்? அங்கேதான் பட்டு வந்தது. ஒடிஷாவின் காடுகளில் மருத மரத்திலும் ஆசன் மரத்திலும் வளரும் பட்டுப்பூச்சி தருவது டசர். ஜாஜ்பூர் மாவட்டத்துக் கோபால்பூரில் அது துணியாகிறது. அந்தத் துணியில் சித்ரகாரர்கள் முதலில் புடவை, பிறகு துப்பட்டா, ஸ்கார்ஃப் என்று எழுதத் தொடங்கினார்கள். படம் வாங்கத் தயங்குபவர் ஸ்கார்ஃப் வாங்கத் தயங்குவதில்லை. எடையில்லை, உடையாது, பரிசாகவும் கொடுக்கலாம்.

துணி மாறியதும் தொழிலின் இலக்கணமும் மாறவேண்டியிருந்தது. புளிப் பசையும் சுண்ணமும் பூசினால் பட்டு விறைத்துவிடும். கழுத்தில் சுற்ற முடியாது. பிசினில் குழைத்த சங்குப் பொடியும் சாதிலிங்கமும் மடித்தால் உதிரும், நனைந்தால் கரையும். ஆகவே பட்டில் பெரும்பாலும் கடையில் வாங்கும் துணிச் சாயங்களும் அக்ரிலிக் நிறங்களும்தான். துணியில் இம்மி இடம் விடாமல் நிறைப்பது பழைய படங்களின் குணம். டசரிலோ அதன் தேன் நிறமே பின்புலமாக நின்றுவிடுகிறது. சிலர் வெறும் கறுப்புக் கோட்டிலேயே முழு ராசலீலையையும் எழுதி முடிக்கிறார்கள். இதை மரபின் சரிவு என்பவர்கள் உண்டு. நிறம் மாறியது உண்மைதான். ஆனால் நீண்டு கூர்ந்த கண், பக்கவாட்டு முகம், முதலில் ஓரச் சட்டம், கடைசியில் கறுப்புக் கோடு என்ற ஒழுங்கு ஸ்கார்ஃபிலும் குலையவில்லை. மாறாதது கை.

சங்கடமான கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. சாமியைத் தோளில் போட்டுக்கொள்ளலாமா? பந்தியில் உட்காரும்போது முனை இலையில் பட்டால்? பஸ்ஸில் காலடியில் விழுந்தால்? ஒடிஷாவின் மரபே இதற்குப் பாதி பதிலை வைத்திருக்கிறது. ஹரே கிருஷ்ண நாமம் அச்சிட்ட நாமாவளித் துண்டைப் பூரி வீதிகளில் வைஷ்ணவர்கள் தோளில் போட்டுத் திரிவது நெடுநாள் வழக்கம். கட்டக் மாவட்டம் நுவாபட்னாவில் கீதகோவிந்த வரிகளையே பட்டில் நெய்கிறார்கள். கந்துவா எனப்படும் அந்தத் துணி ஜகந்நாதருக்கே உடுத்தப்படுகிறது. தெய்வம் கவிதையை உடுத்தும்போது பக்தன் தெய்வத்தை உடுத்தக்கூடாதா? மீதிப் பதில் சித்ரகாரரின் பழைய இரட்டைக் கணக்கில் இருக்கிறது. அனசர பட்டி வழிபாட்டுக்கு. அது கடைக்கு வராது. ஸ்கார்ஃப் யாத்ரி பட்டியின் பேத்தி. அது தெய்வத்தின் இடத்தில் உட்காரவில்லை. தெய்வத்தைப் பார்த்துவிட்டு வந்ததற்கு அடையாளமாக ஊருக்குப் போகிறது. மனம் ஒப்பாதவர்களுக்காக மயிலும் யானையும் பூங்கொடியும் மட்டும் எழுதியவையும் கிடைக்கின்றன.

உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. பட்டசித்ர உருவங்களை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, செயற்கை இழைத் துணியில் மில்லில் அச்சடித்துத் தள்ளுகிறார்கள். ஒரு சித்ரகாரர் நாள்கணக்கில் எழுதுவதை இயந்திரம் நிமிடங்களில் துப்பிவிடுகிறது. பட்டசித்ரத்துக்குப் புவிசார் குறியீடு இருந்தும், கடைக் கொக்கியில் தொங்கும் துண்டை அது தானாக வந்து தடுப்பதில்லை. ஒருமுறை யாத்ரி பட்டியைக் கொன்ற அச்சு, இப்போது ஸ்கார்ஃபின் வாசலில் நிற்கிறது. 2019 மே 3 அன்று பூரிக்கருகே கரை கடந்த ஃபானி புயல் ரகுராஜ்பூரில் கூரைகளைப் பிய்த்து, மரங்களைச் சாய்த்து, சேர்த்து வைத்த படங்களை ஊறப்போட்டுப் பாழாக்கியது. கூரை திரும்ப வேய்ந்தார்கள், படம் திரும்ப எழுதினார்கள். புயல் வந்துவிட்டுப் போய்விடுகிறது. போலி போவதில்லை.

ரகுராஜ்பூர் போவது சிரமமில்லை. சென்னை - ஹவுரா பாதையில் குர்தா ரோடில் இறங்கினால் பூரிக்கு வண்டி உண்டு. பூரியிலிருந்து ஆட்டோவிலேயே போய்வரலாம். எழுதுபவர் கண்ணெதிரே இருப்பதால் அங்கே அசல் எது என்ற குழப்பம் குறைவு. பெரிய நகரங்களின் கண்காட்சியில் வாங்குபவர்கள்தான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கையால் எழுதிய துண்டில் ஒரு கோபியைப்போல் அடுத்த கோபி இருக்கமாட்டாள். ஒருத்தியின் கண் இம்மி நீண்டிருக்கும், ஒருத்தியின் விரல் சற்று வளைந்திருக்கும். கோடு தொடங்கும் இடத்தில் தடித்து முடியும் இடத்தில் மெலிந்திருக்கும். விரலால் தடவினால் நிறம் லேசாகத் தட்டுப்படும். அச்சடித்ததில் எல்லா கோபியரும் இரட்டைப் பிறவிகள். சாமி படம்தானே, எதுவானால் என்ன என்று அன்றைய யாத்ரிகன் கேட்ட கேள்விக்கு ஒரு தலைமுறைச் சித்ரகாரர்கள் தூரிகையைக் கீழே வைத்து விலை கொடுத்தார்கள். ஸ்கார்ஃப்தானே என்று இன்றைக்கு நாம் கேட்டால், அதற்கும் விலை அதே திண்ணைகளில்தான் வசூலாகும்.