பிளேடும் இணைகோடும்



செல்லூரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் நம் மாணவர் போன வாரம் கேட்டார்: "சார், டேபிள் ரம்பத்துல பலகை கருகுது. சில நேரம் தள்ளுற தம்பி மேலேயே எகிறி வருது. பிளேடு புதுசுதான்." அந்தத் தம்பியும் என்னிடம் படித்தவன். எனக்கு அடிவயிறு கலங்கியது.

எட்டாம் வகுப்பு இணைகோடுகளை நினைத்துப் பார் என்றேன். பிளேடும், மேசையிலுள்ள நீளப் பள்ளமும், பலகையை ஒட்டி நகர்த்தும் பக்கக் கட்டையும் இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பலகை பிளேடின் பின்பக்கத்தில் இறுகும். அங்கே பற்கள் மேல்நோக்கி எழுவதால், பலகையைத் தூக்கி நம் மேல் வீசிவிடும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் பல்லின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் குறியிட்டு, முன்பக்கம் நிறுத்தி, பள்ளத்திலிருந்து அளந்து கொள்ளுங்கள். அதே பல்லைப் பின்பக்கம் திருப்பி மறுபடி அளங்கள். வேறு பல் என்றால் பிளேடின் நெளிவும் அளவில் சேர்ந்துவிடும். வித்தியாசம் இருந்தால் மேசைக்கு அடியிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, சரிசெய்து, இறுக்கிய பின்பும் அளங்கள். கடைசியாகத்தான் பக்கக் கட்டை.

மரவேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்.