ஏற்காட்டில் கேட்ட இத்தாலியப் பாட்டு

பாட்டாலேயே கதை நடத்துவது தமிழருக்குப் புதிதன்று. அருணாசலக் கவிராயரின் இராம நாடகமே அதற்குச் சாட்சி. எனினும், வெனிஸ் நகரின் லா பெனீச்சே அரங்கில் நடந்த வெர்டியின் ‘லா டிராவியாட்டா’ பதிவைச் சேர்வராயன் மலைக் குளிரில், வீட்டுத் திரையில், தாயாருடன் காண நாம் சற்றுத் தயங்கவே செய்தோம்.

கதாநாயகி வயலெட்டா பாரிஸ் நகரத்துக் கணிகை. காதலனின் தந்தை வந்து, தம் மகளின் விவாகம் தடைப்படாதிருக்க, அவனைக் கைவிடும்படி வேண்டுகிறார். இணங்கிய அவள் முடிவில் க்ஷயரோகத்தால் மடிகிறாள்.

நாம் கதை சொல்லக் கேட்டிருந்த தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குடும்ப மானத்துக்கு விலை கொடுக்க அவள்தானா அகப்பட்டாள்?” என்றார்.

1853-இல் இதே அரங்கில், முதல் நாளன்று, ஜனங்கள் நகைத்தனர். மறு வருஷம் அதே நகரம் இந்நாடகத்தைக் கொண்டாடிற்று. சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைச் சட்டம் தடுத்தது 1947-இல். சட்டம் வழக்கத்தை நிறுத்தும். மனத்தை இளக்குவது நாடகத்தின் வேலையன்றோ!