மலையேறும் முன் பம்பைப் பார்

கெங்குவார்பட்டியில் லாரி வைத்திருப்பவர்களுக்கு வாட்டர் பம்ப் கசிவைத் தள்ளிப்போடும் வசதி கிடையாது. ஊரை ஒட்டியே காட்ரோடு. அங்கே திரும்பினால் கொடைக்கானல் மலைப்பாதை. நம் ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் அந்த உயரத்தை பாரத்தோடு ஏறியாக வேண்டும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் பம்பை நாமே கழற்றுவதா, பட்டறையில் விடுவதா என்பதை கீழேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இத்தனை வருடம் ஓட்டியும் கழற்றியும் நான் வந்து சேர்ந்த விதி ஒன்றுதான். வேலை முடிந்தபின் அது சரியாக இருக்கிறதா என்று நாமே சோதித்துப் பார்க்க வழி இருந்தால் கை வைக்கலாம். வழி இல்லாத வேலையில் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. தைரியமும் காசும் இந்த முடிவில் இரண்டாம் பட்சம்.

முதலில், கசிந்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரம் போகப் போக அது குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை இருபது டிகிரி வரை கூடுகிறது. பம்பில் கசிவு பெரிதானால் அந்த அழுத்தம் நிற்காது. எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறப்பதே 80 டிகிரிக்குச் சற்று மேலே. அப்புறம் கொதிப்பதற்கு மிச்சம் இருப்பது பத்து டிகிரி சொச்சம்தான். மலைப்பாதையில் டம்டம் பாறைக்கு மேலே இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது முன்னாலிருந்து காற்றும் வேகமாக வராது. அந்தப் பத்து டிகிரி கரைய அதிக நேரம் ஆகாது.

மூடியையும் அலட்சியமாக வாங்கக் கூடாது. மதுரையில் 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் பாசனர்ஸ், 1990-களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. அவ்வளவு நுட்பம் தேவைப்படுகிற சாமான் அது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியை வைத்துக்கொண்டு பம்பைக் குறை சொல்வதில் பயனில்லை.

இனி, எங்கே ஒழுகுகிறது என்பது. பம்புக்குக் கீழே ஈரம் இருந்தாலே பம்ப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மேல் ஹோஸின் கிளிப் தளர்ந்தாலும் தண்ணீர் வழிந்து அங்கேதான் சேரும். எஞ்சின் நன்றாக ஆறியபின் அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, காயவிட்டு, முகப்பவுடரை மெல்லத் தூவி, வண்டியை ஓடவிட்டுப் பார்த்தால் தண்ணீர் கிளம்பும் இடம் தெரிந்துவிடும். கிளிப், ஹோஸ் என்றால் பெரும்பாலும் வழியிலேயே முடிகிற வேலை. பம்பும் எஞ்சினும் சேருமிடத்தில் வந்தால் கேஸ்கட். பம்பின் வயிற்றுக்குக் கீழே உள்ள சிறு துளையிலிருந்து வந்தால் உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது.

அந்தத் துளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பம்புக்குள் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பேரிங். நடுவே சீல். ஒன்றோடொன்று உரசிச் சுற்றும் இரண்டு வழுவழுப்பான வளையங்கள்தான் தண்ணீரைத் தடுக்கின்றன. அவை தேய்ந்தால் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்காகவும், நமக்குச் சேதி சொல்வதற்காகவும் அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அதை ஸ்க்ரூ போட்டோ எம்-சீல் வைத்தோ அடைத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் அப்படியே பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடும். ஃபேன் பம்பிலேயே பொருத்தப்பட்ட வண்டி என்றால், பேரிங் உடையும் நாளில் ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிக்கும். ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுகிற பழக்கமும் உண்டு. மெல்லிய விரிசலை அது கொஞ்ச நேரம் அடைக்கலாம். சுழலும் சீலை அடைக்காது.

அடுத்து பேரிங். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தாலோ அந்தப் பம்பில் கேஸ்கட் மாற்றி ஒப்பேற்ற முடியாது.

இப்போது முடிவெடுக்கலாம். கிளிப், ஹோஸ், கேஸ்கட், பெல்ட், முழுப் பம்பை மாற்றுவது ஆகியவற்றை முன்பக்கம் எளிதாகக் கை எட்டுகிற வண்டியில் நானே செய்வேன். போட்டபின் ஒழுகுகிறதா, சூடு ஏறுகிறதா என்று என் கண்ணால் பார்க்க முடியும். கிட் வாங்கிச் சீலும் பேரிங்கும் மாற்றும் வேலையை பிரஸ் உள்ள லேத் பட்டறையில்தான் கொடுப்பேன். சீலை அதன் வெளி விளிம்பில் மட்டும், நேராக, சீராக அழுத்த வேண்டும். உரசும் முகத்தில் விரல் எண்ணெய் படக் கூடாது. சுத்தியலால் தட்டினால் பீங்கான் வளையத்தில் மயிரிழை விரிசல் விடும்; அது கண்ணுக்குத் தெரியாது, மலையில்தான் தெரியும். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரும் அளவான இடைவெளியில் உட்கார வேண்டும். நெருங்கினால் உரசும், விலகினால் தண்ணீரைத் தள்ளாது. பம்ப் உடம்பே அரித்திருந்தால் கிட் போடுவது வீண். கியர் மூடியைக் கழற்றினால்தான் பம்ப் வெளியே வரும் என்கிற எஞ்சினையும், வாரண்டி உள்ள வண்டியையும் பட்டறையில் விடுவதே முறை.

நானே செய்யும்போது அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டை அதனதன் இடத்தில் குத்தி வைப்பேன். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. பழைய கேஸ்கட்டை முகத்தில் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். தண்ணீர் ஓடும் இடத்துக்குள் போகிற போல்ட்டின் மரையில் பசை தடவி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பெல்ட்டை விறைப்பாக இழுத்தால் புதுப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படியும். கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் ஊற்றுவதே நல்லது. வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடக்கூடும்.

அதற்குப் பிறகுதான் சோதனை. உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றி, எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். பிறகு பாரத்தோடு பக்கத்திலிருக்கும் தேவதானப்பட்டி வரை போய்த் திரும்பிப் பார்ப்பேன். சூடு முள்ளை மட்டும் நம்ப மாட்டேன். தண்ணீர் இறங்கி சென்சார் காற்றில் நின்றால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே நிற்கும்.

"அண்ணே, ரெண்டு கேன் தண்ணி எடுத்துக்கிட்டு மேல போயிரலாம்ணே" என்பான் கிளீனர். கீழே மலைப்பூண்டும் காரட்டும் இறக்கிக் கொண்டுவர வேண்டிய அவசரம் அவனுக்கும் தெரியும். வழியில் ஒழுக ஆரம்பித்திருந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, நன்றாக ஆறவிட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, கியரிலேயே கீழே இறங்கலாம். இறக்கத்தில் எஞ்சினுக்குப் பளு குறைவு. கீழேயே ஒழுகுவது தெரிந்தும் கேனை நம்பி ஏறுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஏனென்றால் அந்தச் சாலை நமக்கு மட்டும் உரியதல்ல. ஒரு வளைவில் கொதித்து நிற்கும் லாரிக்குப் பின்னால் பஸ் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள். மேலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுவரும் ஆம்புலன்ஸும் நிற்கும். பம்பைக் கழற்றுவது என் கையா, லேத்காரர் கையா என்பது அவரவர் தேர்ச்சியைப் பொறுத்தது. சோதித்துப் பார்க்காத பம்போடு காட்ரோட்டில் திரும்பாமல் இருப்பது லாரி ஓட்டும் எல்லோருடைய கடமை.