எட்டாவாவில் ஆடு தேடி

தில்லியில் ஓய்வு பெற்று வாழும் நண்பர் ஒருவர், வீட்டுக் கொல்லையில் பால் ஆடு வளர்க்க ஆசைப்பட்டார். "வாங்கினால் ஜமுனாபாரிதான்" என்று உறுதியாகக் கூறி, என்னையும் துணைக்கு அழைத்தார். கான்பூர் மார்க்கத்திலுள்ள எட்டாவாவில் ரயிலைவிட்டு இறங்கி, யமுனையைக் கடந்து சக்கர்நகர் சென்றோம்.

யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட அந்நிலம், மழைநீர் அரித்த பள்ளங்களாகவே காட்சியளிக்கிறது. கருவேலும் இலந்தையும் மண்டிய அச்சரிவுகளே ஜமுனாபாரியின் தாயகம். உயர்ந்த கால்கள், கிளிமூக்கு, ஒரு சாணுக்கும் மேல் தொங்கும் செவிகள். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று உயரத்துத் தழையைப் பற்றித் தின்னும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாலுக்கும் இறைச்சிக்கும் பெயர்பெற்ற இவ்வினம் இந்தோனேசியாவுக்கும் சென்றது. அங்கே இதன் வழித்தோன்றல்களுக்கு இன்றும் இந்த ஊரின் பெயரே வழங்குகிறது.

நண்பர் விலை பேசத் தொடங்கினார். ஆட்டுக்காரப் பெரியவரோ, "பாபுஜி, மேய்ச்சலுக்கு எங்கே விடுவீர்கள்?" என்றார்.

"கொல்லையில் கட்டிவைப்பேன்."

பெரியவர் தலையசைத்தார். "இது நடந்து திரிந்து தழை தின்னும் இனம். கட்டிப்போட்டால் வாடும். தங்களுக்கு பர்பரிதான் பொருந்தும். இங்கேயே சரிவுகளைச் சமன் செய்து வயலாக்குகிறார்கள், மேய்ச்சல் சுருங்குகிறது. நல்ல ஆட்டை வெளியூருக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை."

திரும்புகையில், மதுரா ஜில்லாவின் மக்தூம் கிராமத்தில் 1979-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தோம். ஜமுனாபாரி, பர்பரி ஆகிய இரு இனங்களையும் தூய்மை கெடாது பேணும் இடம் அது. பர்பரி சிற்றுடலும் நிமிர்ந்த சிறு செவியும் கொண்டது. பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். நகரத்துச் சந்துகளில் கட்டுத்தறியிலேயே செழிக்கும். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள பெர்பெராத் துறைமுகத்தால் இப்பெயர் வந்தது என்பர். வங்காளத்துக் கறுப்பாடு இறைச்சிக்கும் மெல்லிய தோலுக்கும், லடாக்கின் சாங்தாங்கி பஷ்மினா உரோமத்துக்கும் வளர்க்கப்படுவதை எண்ணினால், எந்த ஆடு சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது விளங்கும். மண்ணையும் தேவையையும் அறிந்தே தெரிவு செய்தல் வேண்டும்.

இன்று நண்பரின் கொல்லையில் பர்பரி ஒன்று இரு குட்டிகளுடன் நிற்கிறது. வந்த ஊரில் வேரூன்றிவிட்ட அதைக் காணும்போது நமக்கும் ஓர் உறவு தோன்றுகிறது. ஆயினும் நண்பர் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பது, "அந்தப் பெரியவரின் சரிவுகள் இன்னும் இருக்குமா?" என்றுதான்.