பச்சை நிறத்தில் வந்த பொய்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோரும், கணினி படிக்கும் தம்பி தங்கைகளும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் வரவையும் தவணைப் புள்ளிகளையும் பதிவதற்கு ஒரு சின்ன மென்பொருள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கொரோனாக் காலத்தில், தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் நாங்களும் உயர்தர மாணவர்கள் சிலரும் சேர்ந்து தொடங்கியது. காசு கொடுத்து வாங்க வழியில்லை, நாங்களே எழுதினோம். எழுதியதைப் பூட்டி வைக்காமல் கிட்ஹப்பில் திறந்த மூலமாகப் போட்டோம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம். பக்கத்து ஊர்ப் பாடசாலைகள் இரண்டும் அதை எடுத்துப் பாவிக்கின்றன.

சென்ற தவணையில் ஒரு நாள் லுஹருக்குப் பிறகு ஒரு உம்மா பாடசாலைக்கு ஓடி வந்தார். தரம் 8 படிக்கும் மகன் காலையில் சீருடையோடு வெளிக்கிட்டவன், வீட்டுக்கு வரவில்லை. வகுப்பாசிரியை புதிதாக மாற்றலாகி வந்தவர். கணினியைத் திறந்து பார்த்தார். பையன் அன்று பாடசாலைக்கே வரவில்லை.

"ஏன் டீச்சர், காலையிலேயே எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னோமே ராத்தா. எட்டரைக்கே மெசேஜ் அனுப்பியிருக்கேன். இஞ்ச பாருங்க."

திரையில் பையனின் பெயருக்கு நேரே பச்சை நிறத்தில் 'அனுப்பப்பட்டது' என்று இருந்தது. உம்மா தன் போனை நீட்டினார். அதில் ஒன்றும் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ், பையன் கிடைத்தான். கூட்டாளிகளோடு ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறான். அஸருக்கு முன்னர் ஆளை வீட்டில் சேர்த்தாயிற்று. ஆனால் ஆற்றுக்குப் போன எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வந்த ஊர் அல்ல நம் ஊர். அன்று இரவு எங்களில் ஒருவருக்கும் நித்திரை வரவில்லை.

மறுநாள் நிரலைத் திறந்து பார்த்தோம். பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியை நான்கு வருடங்களுக்கு முன்னர் எங்கள் மாணவர் ஒருவர் எழுதத் தொடங்கியிருந்தார். நல்ல கெட்டிக்காரப் பிள்ளை. பொத்தான், செய்தியின் வாசகம், இலக்கங்களைச் சரிபார்க்கும் வழி எல்லாவற்றையும் எழுதிவிட்டார். தொலைபேசிக் கம்பனியோடு இணைப்பதுதான் மிச்சம். அதற்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும், எங்களிடம் இல்லை. பிறகு அவருக்குப் பரீட்சை வந்தது. பரீட்சை முடிய கட்டாருக்குப் போய்விட்டார். இணைப்பு வர வேண்டிய இடத்தில் 'இங்கே பிறகு எழுத வேண்டும்' என்று ஒரு குறிப்பு. அதற்கு அடுத்த வரி, எது நடந்தாலும் 'வெற்றி' என்று பதில் சொல்லும் வரி. திரை எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காகத் தற்காலிகமாகப் போட்டது. அது அப்படியே நின்றுவிட்டது.

பழைய ஆசிரியர்களுக்கு அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்று தெரியும், அதனால் அவர்கள் தொடுவதில்லை. புதிதாக வந்தவருக்கு யார் சொல்வது? பிழை அந்த டீச்சருடையதும் அல்ல, அந்த மாணவருடையதும் அல்ல. 'பிறகு பார்ப்போம்' என்று நான்கு வருடம் விட்டுவைத்த நாங்கள்தான் பிழை.

இனி என்ன செய்வது என்று மாணவர்களோடு இருந்து பேசினோம். பொத்தானை மட்டும் மறைத்துவிடலாம் என்றார் ஒருவர். நிரலை அழிக்காமல் குறிப்பாக மாற்றி முடக்கிவைக்கலாம் என்றார் இன்னொருவர். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அதை அழிக்க மனமில்லை. நானூறு வரிகளுக்கு மேல், ஒரு பிள்ளை இரவிரவாக இருந்து எழுதியது. அதைத் தூக்கி எறிவது அந்தப் பிள்ளையையே தூக்கி எறிவது போல இருந்தது.

அப்போதுதான் லினக்ஸின் கதையை வகுப்பில் சொன்னோம். நம் கையிலுள்ள அண்ட்ரொய்ட் போன்களின் அடியில் ஓடுவது லினக்ஸ் கேர்னல். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் 1991இல் தொடங்கியது, இன்று உலகமெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதுவது. அதற்குள் 'ஸ்டேஜிங்' என்று ஒரு பகுதி உண்டு. 2008இல் திறந்தார்கள். கிரெக் குரோ-ஹார்ட்மன் என்பவர் பொறுப்பாக இருந்து நடத்துவது. இன்னும் முற்றுப்பெறாத, தரம் போதாத நிரல்களுக்கான இடம் அது. அங்கே வைப்பதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. இன்னும் என்னென்ன வேலை பாக்கி என்று ஒவ்வொன்றும் ஒரு பட்டியலை வைத்திருக்க வேண்டும். அங்குள்ள ஒன்றை ஓடவிட்டால், இதன் தரம் தெரியாது, எச்சரித்துவிட்டோம் என்று கணினியே பதிந்து வைக்கும். யாரும் திருத்த வராவிட்டால் அகற்றிவிடுவார்கள்.

பெரிய ஆட்களுடையது என்றும் அவர்கள் பார்க்கவில்லை. அண்ட்ரொய்டுக்காக கூகுள் எழுதிய நிரல்கள் 2009இல் அந்தப் பகுதிக்குள் வந்தன. அவற்றைத் திருத்திச் செம்மைப்படுத்த யாரும் முன்வரவில்லை. அண்ட்ரொய்ட் போன்கள் கடைகளில் விற்பனையாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2010 பெப்ரவரியில் வெளிவந்த 2.6.33 பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள். அதனால் போன்கள் நின்றுபோகவில்லை. கூகுள் தன்னிடமிருந்த பிரதியோடு வேலையைத் தொடர்ந்தது. பிறகு இரு பக்கத்தாரும் பேசி, வேலை செய்ய ஆட்கள் வந்தபோது, 2012 மார்ச்சில் வெளியான 3.3 பதிப்பில் அந்த நிரல்கள் மீண்டும் உள்ளே வந்தன. அவற்றில் 'பைண்டர்' என்ற முக்கியமான பகுதி 2015இல் ஸ்டேஜிங்கிலிருந்து வெளியே வந்து கேர்னலின் முழுமையான பகுதியாகிவிட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருவர், "அப்ப சேர், அகற்றினது தண்டனை இல்லையா?" என்றார். இல்லை மகள். நிரல் முடியாமல் இருப்பது பெரிய குற்றமில்லை. முடிந்ததுபோலக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து. எங்கள் பொத்தான் நான்கு வருடமாகச் செய்தது அதைத்தான்.

மறைத்துவைப்பதும் தீர்வாகாது. முடக்கிய நிரலை யாரும் பரிசோதிப்பதில்லை. சுற்றியுள்ளவை மாற மாற அது உள்ளுக்குள்ளே உக்கிப்போகும். ஒருநாள் யாராவது தெரியாமல் திறந்துவிட்டால் அதே பச்சை மறுபடி வரும். அகற்றுவது என்றால் முழுதாக அகற்ற வேண்டும்.

முதலில் அந்த மாணவருக்கு வட்ஸ்அப்பில் செய்தி போட்டோம். நடந்ததையும் சொன்னோம். இரவு வேலை முடிந்து பதில் போட்டார். "அல்லாஹ், அந்த வரிய நான் மறந்தே போயிட்டேன் சேர். உடனே எடுத்துப் போடுங்க." கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இன்னொன்று வந்தது: "சேர், எடுத்தா என்ட பேரும் போயிருமா?"

போகாது. நாங்கள் பாவிக்கும் கிட் என்ற கருவி, யார், எப்போது, எந்த வரியை எழுதினார், எந்த வரியை எடுத்தார் என்பதையெல்லாம் வரலாறாக வைத்திருக்கும். இன்றைய பிரதியில் அந்த நிரல் இல்லாவிட்டாலும் அவர் எழுதியது அவர் பெயரிலேயே அங்கு இருக்கும். அதைப் படம் பிடித்து அனுப்பினோம். ஒரு சிரிப்பு மட்டும் பதிலாக வந்தது.

மற்ற இரண்டு பாடசாலைகளுக்கும், இன்றிலிருந்தே அந்தப் பொத்தானைத் தொடவேண்டாம், இரண்டு வாரத்தில் எடுத்துவிடுவோம் என்று அறிவித்தோம். அந்த நிரலை வேறு எந்தெந்தப் பகுதிகள் கூப்பிடுகின்றன என்று தேடினோம். மூன்று இடங்கள். பொத்தான், நிரல், அமைப்புகள், வழிகாட்டிக் கோப்பில் 'பெற்றோருக்கு உடனடி அறிவித்தல்' என்று பெருமையாக எழுதியிருந்த வரி, எல்லாவற்றையும் ஒரே மாற்றமாக எடுத்தோம். வேறு எந்தத் திருத்தத்தையும் அதோடு கலக்கவில்லை. நாளை திரும்ப வேண்டுமென்றால் ஒரே கட்டளையில் மீட்கலாம். ஏன் எடுத்தோம், யார் எழுதியது, திரும்ப வர என்ன தேவை என்பதையும் அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே எழுதிவைத்தோம்.

எடுக்கும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த வசதிக்கென்று பெற்றோரின் போன் இலக்கங்களை வாங்கிக் கணினியில் ஏற்றிவைத்திருந்தோம். ஒரு நாளும் பாவிக்காத இலக்கங்கள். நீங்கள் நம்பித் தந்தது அமானிதம். ஒரு வேலைக்கென்று வாங்கியதை அந்த வேலை இல்லாமல் வைத்திருக்க எங்களுக்கு உரிமையில்லை. அதையும் கணினியிலிருந்து அழித்துவிட்டோம். அலுவலகத்தில் உள்ள இடாப்பில் இருப்பது போதும்.

இப்போது எட்டரைக்கு வராத பிள்ளைகளின் பட்டியல் அச்சாகி அலுவலகத்துக்குப் போகிறது. கடமையிலுள்ள ஆசிரியர் ஒருவர் இடாப்பைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் கோல் எடுக்கிறார். பழைய முறைதான், நேரமும் எடுக்கும். ஆனால் மறுபக்கத்தில் ஒரு வாப்பாவோ உம்மாவோ "ஹலோ" சொன்ன பிறகுதான் பெயருக்கு நேரே அடையாளம் விழுகிறது.

கட்டாரிலுள்ள மாணவர், லீவில் வரும்போது அதைச் சரியாக எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், வரட்டும். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறோம்: செய்தி போய்ச் சேர்ந்தது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் பச்சை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். போன் இலக்கம் மாறியிருந்தால் நாளைக்கே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் மென்பொருளின் பழைய பிரதியை எடுத்துப் பாவிப்பவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து புதியதை எடுங்கள். அந்தப் பொத்தானை நம்ப வேண்டாம்.

அன்று ஓடி வந்த அந்த உம்மாவிடம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பையன் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.