எம் இல்லத்து உழுபொறி

எம் தந்தையார் தேவிகாபுரத்திற் பட்டு நெய்பவர். இரு தறிகளுள் ஒன்றை விற்று, அப்பணத்தாற் பழைய பவர் டில்லர் ஒன்றை வாங்கத் துணிந்தபோது, அன்னையார் இரு நாள் வாய் திறந்திலர். கனககிரீசுவரர் மலைக்கு அணித்தாய் எமக்குள்ளது முக்காற் காணியே. பெரிய டிராக்டர் அதனுள் இறங்கித் திரும்புதல் அரிது.

வாங்கியது 12 குதிரைத்திறன் கொண்ட காம்கோ. ஜப்பானியக் குபோட்டாவின் நுட்பத்தைத் தழுவிக் கேரள அரசு நிறுவனம் ஆக்கியது. அந்நிறுவனம் 1973இல் தோன்றியது. சுழற்கத்திகளும், சேற்றுழவுக்குரிய இரும்புக் கூண்டுச் சக்கரங்களும், டிரெய்லரும் உடன் வந்தன. முன்னுடையவர் மழையில் நிறுத்தி வைத்தமையால் டிரெய்லரின் அடித்தகடு சல்லடையாயிருந்தது, அது நிற்க.

கத்திகள் பாதியாய்த் தேய்ந்திருந்தன. அவற்றுள் இடவளைவு, வலவளைவு என இருவகை உண்டு. மாற்றிப் பூட்டின் உழுத நிலம் மேடும் பள்ளமுமாகும். ஆரணியினின்று வந்த மெக்கானிக் புதியவற்றை முறையே பூட்டினார். எஞ்சினின் ஆற்றலைக் கடத்தும் பெல்ட்டுகளும் தளர்ந்து வழுக்கின. புதியன மாட்டியபின், தந்தையார் ஒன்றின் நடுவே விரலால் அழுத்திப் பார்த்து, "தம்பி, இன்னுஞ் சற்றே இழுக்கவேண்டும்" என்றார்.

"இதை எங்கே கற்றீர்கள், அண்ணே?" என வியந்தார் அவர். பாவின் இறுக்கத்தை நாற்பதாண்டாய் விரலால் அறிந்தவர்க்கு அஃது அரிதோ!

மூன்றாம் முறை கைப்பிடியைச் சுழற்றியதும் எஞ்சின் முழங்கிற்று. அன்னையார் திண்ணையினின்று எழுந்து வந்து, "ஜெபம் பண்ணிவிட்டுக் கழனிக்குக் கொண்டுபோங்கள்" என்றார்.