ஆயா ஏன் ரோட்டில் இறங்கினார்?

‘நடைபாதையா... பார்க்கிங்கா? வாசகர்கள் அனுப்பிய படங்கள்!’ என்று ஒரு தலைப்பை டைப் செய்துகொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து போன்.

“ஆயா ரோட்டுல விழுந்துட்டாங்கடி. கை வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம், நீ நேரா அங்க வந்துடு.”

கடந்த ஆகஸ்டில் நடந்தது இது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுபத்து நான்கு வயதில் இதோடு போனதே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எப்படி விழுந்தீங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆயா ஒரே பதில்தான் சொன்னார்: “கால் இடறிடுச்சு.”

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். மழைக்காலம் வந்தால் ‘உங்க ஏரியா ரோடு எப்படி இருக்கு?’ என்று கேட்டுப் படங்களைத் தொகுப்பது என் வேலைகளில் ஒன்று. குண்டும் குழியும், மூடி இல்லாத வடிகால், நடைபாதையில் நிற்கும் கார் என்று படங்கள் வந்து குவியும். காட்டமாகத் தலைப்பு வைப்பேன். நன்றாகப் போகும்.

ஆயா விழுந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் துணி வாங்கப் போனேன். ஆயாவை விசாரித்தவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. அன்னிக்கு நான் பார்த்துட்டுதான் இருந்தேன். பிளாட்பாரத்துல உன் ஸ்கூட்டி குறுக்க நின்னுது. அதைச் சுத்திப் போகத்தான் அவங்க ரோட்டுல இறங்குனாங்க. பின்னாடி ஒரு பைக்காரன் ஹாரன் அடிச்சான். பதறித் திரும்புனாங்க, விழுந்துட்டாங்க.”

அன்று நான் மெட்ரோவில் ஆபீஸ் போயிருந்தேன். ஸ்கூட்டி, வழக்கம்போல எங்கள் வீட்டுச் சுவரோரம் நடைபாதையில் நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் கேட்டேன். “ஏன் ஆயா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவ? வண்டியை வித்துடுவியா? ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சா எதுல வருவ நீ?”

எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் காலை, ஆயா தினமும் போகும் வழியில் நடந்து பார்த்தேன். சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பால் பூத் வரை சுமார் இருநூறு அடி வைத்தால் போதும். அதற்குள் ஒன்பது வீட்டு ராம்ப், பதினாலு டூவீலர், ஒரு மின்சாரப் பெட்டி, உடைந்துபோன ஒரு வடிகால் மூடி. நடைபாதையிலிருந்து பதினோரு முறை ரோட்டில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. எனக்கு அது ஒன்றும் பெரிதில்லை. முட்டிவலிக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு படி.

ஒன்பது ராம்ப்பில் முதல் ராம்ப் எங்களுடையது.

அதற்கும் ஒரு கதை உண்டு. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் வீட்டுக்குள் வர வேண்டுமாம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, ரோடு உயர்ந்துகொண்டே வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரோடும் வாசலும் ஒரே மட்டம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அடுத்த வருஷமே அப்பா கடன் வாங்கி, தரையையும் போர்டிகோவையும் உயர்த்தினார். உயர்த்திய போர்டிகோவுக்கு வண்டி ஏற வேண்டுமே? கேட்டுக்கு வெளியே, நடைபாதையின் மேல் சிமென்ட்டில் ராம்ப் போட்டார் கொத்தனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அதே கொத்தனாரை வரவழைத்தார்.

பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். அதற்குள் எங்கள் தெருவில் எல்லா ராம்ப்பும் கட்டி முடிந்திருந்தது.

விதிகளுக்கும் குறைவில்லை. நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் கடந்துபோகத் தேவையான அகலம் அது. நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2022-ல் மட்டும் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்த பாதசாரிகள் 32,000-க்கும் மேல்.

இதையெல்லாம் நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். எங்கள் வாசலை அளந்து பார்த்ததில்லை. அப்பாவின் டேப்பை எடுத்து வந்து அளந்தேன். நடைபாதை மொத்தமே ஐந்தடி. அதில் ராம்ப் மூன்றரை அடி.

உடைந்த வடிகால் மூடிக்கு 1913-க்கு போன் செய்து புகார் கொடுத்தேன். பத்து நாளில் புது மூடி போட்டுவிட்டுப் போனார்கள். டூவீலர்களுக்கு யார் மேல் புகார் கொடுப்பது? மாடியில் குடியிருக்கும் தம்பி நிறுத்துகிறார். எதிர்வீட்டில் மூன்று போர்ஷன், ஐந்து வண்டி, நிறுத்த இடம் இல்லாமல் கட்டிய வீடு. அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வேலைக்குப் போக வண்டி வேணும், வண்டி நிற்க இடம் வேணும்.

ஆனால், எங்கள் வீட்டுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டிகோவில் நின்று சுற்றிப் பார்த்தேன். அப்பாவின் பைக். அதன் பக்கத்தில் ஓடாத வாஷிங் மெஷின், செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி, வெள்ளத்தில் ஊறிய மர பீரோ, எப்போதாவது உதவும் என்று வைத்த டைல்ஸ் அட்டைகள். உதவாத சாமானையெல்லாம் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, ஓடுகிற வண்டியை ஊர் நடக்கும் பாதையில் நிறுத்தியிருக்கிறேன், நான்கு வருஷமாக.

“பீரோவைப் போட்டுடலாம்ப்பா” என்றேன். அது தாத்தா வாங்கியது. அப்பா முகம் வாடியது. உள்ளேயிருந்து ஆயாவின் குரல்தான் முதலில் வந்தது.

“எடுத்துட்டுப் போகச் சொல்லுடா. அவர் இருந்தா அவரே தூக்கிப் போட்டிருப்பாரு.”

பழைய சாமான்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த பணம் ராம்ப்பை உடைத்த கொத்தனார் கூலிக்குக்கூடக் காணவில்லை. ராம்ப்புக்குப் பதில் வெல்டிங் பட்டறையில் இரண்டு இரும்புத் தகடு செய்து வாங்கினோம். வண்டி ஏற்றும்போது போட்டு, ஏற்றியதும் எடுத்து உள்ளே சாய்த்துவிட வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் அதைத் தூக்கிப் போடுவது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஒருநாள் அலுப்பில் வெளியிலேயே விட்டுவிட்டேன். காலையில் அப்பா ஒன்றும் பேசாமல் வண்டியை உள்ளே ஏற்றி வைத்திருந்தார்.

தெரு மாறிவிட்டதா என்றால், இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தகட்டைத் தூக்கிப் பார்த்தார், விலை கேட்டார், போய்விட்டார். மாடித் தம்பி மட்டும் தன் வண்டியை எங்கள் பைக்கோடு ஒட்டி உள்ளே நிறுத்துகிறார். நெருக்கடிதான். எதிர்வீட்டு ஐந்து வண்டி அப்படியேதான் நிற்கிறது. அதற்கு ஒரு பொது பார்க்கிங் இடம் வேண்டும். அதை மாநகராட்சியிடம்தான் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போதும் நீங்கள் அனுப்பும் படங்களைத் தொகுக்கிறேன். அனுப்புங்கள், கட்டாயம் கேள்வி கேட்போம். ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். படம் எடுக்கும் முன் ஒருமுறை உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியேயும் எட்டிப் பாருங்கள்.

கட்டுப் பிரித்த பிறகும் ஆயா இரண்டு மாதம் வெளியே போகவில்லை. வாசல்வரை வருவார், தெருவைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். பால் பூத்தில் அவரோடு தினமும் பேசும் பூக்கார அம்மா, வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போனார். வலி கையில் இருந்தது. ஆனால் அவர் தொலைத்தது அந்த இருநூறு அடியை, அதன் முடிவில் இருந்த பேச்சை.

போன வாரம் ஒரு காலையில் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துணைக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சுவர் முடியும் வரை நேராக நடந்தார். பக்கத்து வீட்டு ராம்ப் வந்ததும் நின்று, பின்னால் திரும்பி வண்டி வருகிறதா என்று பார்த்து, மெதுவாக ரோட்டில் இறங்கினார்.

திரும்பி வந்ததும் பால் பாக்கெட்டை அம்மாவிடம் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “பதினோரு வாட்டி இறங்கிட்டிருந்தேன். இன்னிக்குப் பத்துதான்.”